தாய்லாந்து உரலும் என் வலது காலும்

தொரன்ரோவில் எனக்கு வேலை தந்த பெண், என்னைச் சேர்க்கும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு கல்லுரலைக் காட்டினார். ஊறவைத்த செத்தல் மிளகாயையும் ஒரு பிடி உப்பையும் அதற்குள் போட்டு, "இடி" என்றார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நான் இடித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. பரவாயில்லை, பழகிவிடும்" என்று சுவரிடம் சொன்னார். சம்பளம், நேரம் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் திரும்பி என் பெயரைக் கேட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சென் ஜேம்ஸ் ரவுணில் அண்ணையோடும் அண்ணியோடும் ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தேன். கடை நடந்து போகிற தூரம். ஒரு பக்கம் உடுப்புத் தோய்க்கிற கடை, மறுபக்கம் டோனட் கடை, நடுவில் இந்தத் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை. முதலாளியும் சமையல்காரியும் வாடிக்கையாளரோடு சண்டை பிடிப்பவரும் எல்லாம் அந்த ஒரே பெண்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். கேட்டால் கோபிப்பார் என்பதால் நான் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் அவருக்குப் பாதி தெரியும், எனக்கு மற்றப் பாதி தெரியும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், குசினியைப் பார்க்க வருகிற நகரசபைக்காரரைச் சமாளிக்கும் அளவுக்கு ஒரு முழு ஆங்கிலம் வரும்.

குசினியில் இரண்டு உரல்கள் இருந்தன. பச்சைப் பப்பாசிச் சலாதுக்கு மண்ணால் செய்த ஆழமான உரல், அதற்கு மரத்தில் ஒரு குழவி. கறிக்கூட்டுக்குக் கருங்கல் உரல், அதற்குக் கல்லிலேயே குழவி. கல்லுரலைத் தாய்லாந்திலிருந்து மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்ததாக முதலாளி சொல்வார். அதைத் தூக்கிப் பார்த்தவர்கள் இந்தக் கதையை நம்பமாட்டார்கள். முதலாளியைப் பார்த்தவர்கள் நம்புவார்கள்.

பிளென்டர் என்ற பேச்சையே அவர் காதில் போடக்கூடாது. "பிளென்டர் வெட்டும். வெட்டினால் மிளகாய் ஒன்றும் சொல்லாது. இடித்தால்தான் உண்மையைச் சொல்லும்" என்பார். அவர் அதைச் சொல்லும் விதத்தில் எனக்கு ஊர்ப் பொலிஸ் நிலையம்தான் ஞாபகம் வரும். உப்பும் மிளகாயும் முதலில். அவை பசையாகும்வரை அடுத்தது உள்ளே போகக்கூடாது. பிறகு எலுமிச்சைப்புல், பிறகு அரத்தை. எங்கள் வீடுகளில் சளி பிடித்தால் அவித்துக் குடிக்கிற அரத்தை அங்கே கறிக்குப் போனது. அதன்பிறகு நாங்கள் வெட்டி எறிகிற கொத்தமல்லி வேர், உள்ளி, சின்ன வெங்காயம். கடைசியில், உப்புப் போட்டுப் பழுதாக்கி வைத்த இறால். பழுதாக்கி என்று நான் சொன்னது முதலாளிக்குத் தெரிந்தால் கதை வேறாகியிருக்கும். முதல் நாள் நான் எங்கள் வழக்கப்படி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி இடிக்கத் தொடங்கினேன். அவர் உரலுக்குள் கையை விட்டு, உள்ளியை வேறாக, வெங்காயத்தை வேறாக, மிளகாயை வேறாகப் பொறுக்கி எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்து, மறுபடி என் முன்னால் தள்ளினார்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அப்போது சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அப்பார்ட்மென்றில் நான் முப்பது தாண்டியும் கலியாணமாகாத தங்கச்சி. வருகிறவர் போகிறவர் எல்லோரும் என்னை ஒரு வருத்தக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அண்ணையிடம் "ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்பார்கள். குசினியில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அங்கே நான் இடிக்கிறவள். நான் வராத நாளில் பச்சைக்கறி சரியில்லை என்று சாப்பிட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தச் செய்தியைக் கேட்டு நான் இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தேன்.

கடைசியில் ஒன்று சரிவந்தது. மாப்பிள்ளை கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. சத்தம் இல்லாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவருடைய தாய் பேசினார். இனி அவரை மாமி என்றே சொல்கிறேன். மாமி மில்லிக்கனில் மகனோடு ஒரு வீட்டில் இருந்தார், பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை எங்கை வேலை?"

"தாய்லாந்துக் கடையொண்டில, மாமி. கறிக்கூட்டு இடிக்கிறன்."

"இடிக்கிறதுக்கோ பிள்ளை பிளேன் ஏறிக் கனடாவுக்கு வந்தனீ?" என்றார். பிறகு அண்ணையைப் பார்த்து, "கலியாணத்துக்குப் பிறகு உந்த வேலை வேண்டாம், தம்பி. மில்லிக்கனிலயிருந்து பஸ் எடுத்து, சப்வே எடுத்து, இடிச்சுப்போட்டுத் திரும்பி வாறதோ?"

அண்ணை "ஓம் ஓம், விட்டிடுவாள்" என்று என் வேலையைத் தன் வாயாலேயே விட்டுக்கொடுத்தார். நான் "பாப்பம்" என்றேன். எங்கள் ஆட்கள் பாப்பம் என்று சொன்னால், சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் கருத்து. மாமிக்கு அது நன்றாக விளங்கியது. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார்.

மாமி சடங்கில் விட்டுக்கொடுக்கமாட்டார். ஹோலில் தீயணைப்பு மணி அடித்துவிடும் என்பதால் ஓமத்தைக் கேக் செய்கிற அலுமினியத் தட்டில் வளர்க்கலாம் என்று ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். ஆனால் அம்மி கல்லாகத்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வலது காலைத் தூக்கி அம்மியில் வைத்து மெட்டி போட வேண்டும். அதில் சமரசம் கிடையாது.

அந்த நாளில் தொரன்ரோவில் கிரைண்டர் இல்லாத தமிழ் வீடும் இல்லை, அம்மி இருந்த தமிழ் வீடும் இல்லை. ஸ்காபரோவில் ஒரேயொரு குடும்பத்திடம் ஓர் அம்மி இருந்தது. அதில் யாரும் எதையும் அரைத்ததில்லை. சனி, ஞாயிறுகளில் அது கலியாணங்களுக்குப் போய் மிதிபட்டுவிட்டுத் திரும்பும். நல்ல முகூர்த்த மாதங்களில் ஐயரைவிட அதற்குத்தான் கிராக்கி. அண்ணை போன் எடுத்துக் கேட்டுவிட்டுத் தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

"அம்மி அண்டைக்கு மொன்றியலுக்குப் போகுதாம்" என்றார், எங்கள் சித்தப்பா யாரோ போவதுபோல.

அடுத்தடுத்த நாட்களில் ஆளுக்கொரு யோசனை வந்தது. ஒருவர் செங்கல் என்றார். இன்னொருவர் தோட்டத்தில் பதிக்கிற சீமெந்துக் கல் என்றார். மாமி போனிலேயே எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். "செங்கல்லு வைக்கிறதெண்டால் வீட்டைக் கட்டுங்கோ. கலியாணம் பிறகு பாப்பம்." இப்போது அவரும் பாப்பம் என்கிறாரே என்று எல்லோரும் பதறினார்கள். அப்போதுதான் அண்ணி என்னைப் பார்த்து, "உம்மடை கடையில கருங்கல்லில ஒண்டு இருக்கெண்டு சொன்னனீரல்லோ?" என்றார்.

நான் மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். என் பாதி ஆங்கிலத்தில் முடிந்தவரை சொன்னேன். எனக்குக் கலியாணம், அதில் மணப்பெண்ணுக்குக் கல் ஒன்று வேண்டும், மாமியார் பிடிவாதமாக நிற்கிறார். மிச்சத்தைச் சொல்ல அவர் விடவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"உங்களிடமும் இருக்கிறதா?" என்றார். "எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் தாய் முதலில் பெண்ணைப் பார்க்க மாட்டாள். வீட்டுக்கு வெளியே நின்று உரல் சத்தத்தைக் கேட்பாள். விடாமல் ஒரே சீராகக் கேட்டால் நல்ல பெண். விட்டுவிட்டுக் கேட்டால் சோம்பேறி. அப்படியே திரும்பிப் போய்விடுவாள்."

தன் ஊரில் உரலுக்கு இருக்கிற மரியாதையைச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். என் மாமியும் கேட்கத்தான் போகிறார் என்று அவர் நினைத்தார். அன்றிலிருந்து என்னைத் தேவைக்கு மேல் இடிக்கவைத்தார். நான் இடிக்கத் தொடங்கியதும் பின்கதவைத் திறந்து ஒழுங்கைக்குப் போய் நிற்பார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "நடுவில் மூக்கைத் துடைத்தாய், கேட்டது" என்பார். கலியாணத்துக்கு லீவு எடுக்கப் போகிறவளிடம் இப்போதே வேலையை வாங்கிவிடப் பார்க்கிறார் என்று நான் உள்ளுக்குள் திட்டினேன்.

கல்லைத் தருவதற்கு அவர் நிபந்தனைகள் வைத்தார். உரலையும் குழவியையும் பிரிக்கக்கூடாது. வெள்ளைத் துணியால் மூடித்தான் கொண்டுபோக வேண்டும். வெறும் நிலத்தில் வைக்கக்கூடாது. தானும் கலியாணத்துக்கு வருவார்.

அண்ணையின் கார் அப்போது கராஜில் கிடந்தது. ஆகவே கைக்குழந்தையைத் தள்ளுகிற வண்டிலில் உரலைப் படுக்கவைத்து, வெள்ளைத் துணியால் மூடி, நடுப்பகலில் சென் ஜேம்ஸ் ரவுணுக்குள் தள்ளிக்கொண்டு போனோம். நாலு சில்லும் வெளியே மடங்கிக்கொண்டு போயின. எலிவேற்றரில் எங்கள் கட்டடத்து அன்ரி ஒருவர் ஏறினார்.

"பிள்ளை நித்திரையோ?" என்று இரகசியமாகக் கேட்டார்.

விளக்கம் சொல்லப் பஞ்சிப்பட்ட அண்ணை "ஓம் அன்ரி" என்றார்.

"முகத்தை மூடக்கூடாது, தம்பி" என்று அன்ரி குனிந்து துணியை விலக்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துணியைப் பழையபடி மூடி, ஓரத்தைச் செருகிவிட்டு, தன்னுடைய மாடி வருவதற்கு முன்னமே இறங்கிவிட்டார்.

கலியாணம் ஸ்காபரோவில் ஒரு ஹோலில். ஐயருக்கு மத்தியானம் இன்னொரு கலியாணம் இருந்ததால் மந்திரமெல்லாம் ஓட்டமாக ஓடியது. மணவறைக்குப் பக்கத்தில் உரலைக் கண்ட மாமி, "உது அம்மியோ?" என்றார். ஐயர் நிமிராமலே, "கருங்கல்லுத்தானே. கவிட்டு வையுங்கோ, போதும்" என்றார். கவிழ்த்துவைத்தார்கள். அகலமான அடிப்பக்கம் மேலே வந்தது. குழவியைப் பிரிக்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் அண்ணி அதைத் தூக்கி மேலே நட்டுவைத்தார். சோடனை செய்த பெண்கள் வழக்கப்படி சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துப் பூமாலையும் சுற்றிவிட்டார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் சாட்சாத் சிவலிங்கம். மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

முதலாளி முன்வரிசையில் இருந்தார். பட்டு உடுத்திருந்தார், மடியில் ஒரு சின்ன டப்பா. அதற்குள் என்ன இருந்தது என்பது பிறகுதான் தெரியும். தன் கல்லுக்குச் சந்தனமும் பூவும் வைத்து ஒரு கிழவர் கைகூப்புவதைக் கண்டதும் அவருடைய கண் கலங்கிவிட்டது. அவரும் எழுந்து கையைக் கூப்பித் தலையைத் தாழ்த்தினார். மணவறையில் இருந்து நான் அதைப் பார்த்தேன், எனக்கும் சந்தோசமாக இருந்தது.

தாலி கட்டியாயிற்று. ஐயர் குழவியை எடுத்து ஓரமாக வைத்தார். மாப்பிள்ளை குனிந்து என் வலது கால் பெருவிரலைப் பிடித்துத் தூக்கினார். என் கால் அந்தரத்தில் நிற்கும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. கோப்பை கழுவ வந்த ஒருவன் அரிசி மூட்டையைக் காலால் தள்ளினான் என்பதற்காக முதலாளி அவனை அந்த இடத்திலேயே வீட்டுக்கு அனுப்பினார். அவர்களுக்கு உடம்பில் தலை எவ்வளவு உயர்வோ கால் அவ்வளவு தாழ்வு. ஒருவரை நோக்கிக் காலை நீட்டுவதே அவமானம். சாப்பாடு செய்கிற பாத்திரத்தில் கால் வைப்பதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. காலை இழுத்துப் பார்த்தேன். பெண் வெட்கப்படுகிறாள் என்று நினைத்து மாப்பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கால் கல்லில் இறங்கியது. மேளம் பலமாக முழங்கியது.

மிச்சம் வீடியோவில் இருக்கிறது. வீடியோக்காரருக்குப் புதிதாக வந்த யுக்திகள் எல்லாவற்றிலும் ஆசை. அம்மி மிதிக்கிற இடத்தில் இருதயம் போல ஒரு வட்டம் விரிகிறது. வட்டத்துக்குள் என் காலும் மெட்டியும் தெரிய வேண்டும். தெரிகிறதுதான். ஆனால் அதற்குப் பின்னால் முதலாளியும் எழுந்து நிற்கிறார், வாய் திறந்தபடி. மடியில் இருந்த டப்பா விழுந்து திறக்கிறது. செத்தல் மிளகாயும் உள்ளியும் வெங்காயமும் நிலமெல்லாம் உருளுகின்றன. சபையில் நான் இடிப்பதற்காக அளந்து கொண்டுவந்தவை. அதற்கு மேல் வீடியோக்காரர் ரோசாப்பூ மழை பெய்யவிட்டிருக்கிறார்.

முதலாளி சாப்பிடாமல் போய்விட்டார். அண்ணி வாசல்வரை ஓடிப்போய் மறித்தும் நிற்கவில்லை. கலியாண வீட்டில் இருந்து ஒருவர் சாப்பிடாமல் போவது மாமியின் கணக்கில் சின்ன விஷயம் இல்லை. அன்று பின்னேரம், நான் மில்லிக்கன் வீட்டுக்குள் வலது காலை எடுத்துவைத்துப் புகுந்த கையோடு, மாமி கேட்டார்: "ஆர் பிள்ளை அந்த மனுசி? பட்டினியாப் போயிட்டா." நான் விஷயத்தைச் சொன்னேன். "கல்லைத் திருப்பிக் குடுக்கப் போகேக்கை நானும் வாறன். சாப்பாடு குடுக்கவேணும். அப்பிடியே நீ வேலையால நிக்கிறதையும் சொல்லிப்போட்டு வருவம்" என்றார்.

திங்கட்கிழமை கடை பூட்டு. என் வீட்டுக்காரர் எங்களைக் காரில் கொண்டுவந்தார். உரலையும் குழவியையும் தூக்கிப் பின்கதவுப் படியில் வைத்துவிட்டு, காருக்கு ரிக்கற் எழுதிவிடுவார்கள் என்று சொல்லிக் காருக்கே ஓடிவிட்டார். அவருடைய பயம் ரிக்கற்றுக்கு அல்ல என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

முதலாளி மேசையடியில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அதை உள்ளே கொண்டுவராதே" என்றார். "உன் வீட்டில் வை. மண் போட்டுச் செடி நடு. அதில் இனிச் சாப்பாடு செய்ய முடியாது."

"அப்படியென்றால் கறிக்கூட்டு?"

தலையைச் சுவர்த்தட்டுப் பக்கம் ஆட்டினார். அங்கே ஒரு புதுப் பெட்டி இருந்தது. பெட்டியில் பிளென்டரின் படம். மாமி சொல்லி நான் வேலையை விடுவது வேறு. மாமியோடு சண்டை பிடிக்க எனக்கு வாய் இருந்தது, இரவெல்லாம் அதற்கு ஒத்திகையும் பார்த்திருந்தேன். பிளென்டரோடு என்ன சண்டை பிடிப்பது? அது வந்துவிட்டால் இடிக்க ஆள் எதற்கு?

"என்னவாம்?" என்றார் மாமி. சொன்னேன். மாமி அதைக் காதில் வாங்காமல் பார்சலைப் பிரித்து வடை, சோறு, பாயாசம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். "முதல்ல சாப்பிடச் சொல்லு."

"பசிக்கேல்லையாம், மாமி."

"பசிக்கும்வரைக்கும் நான் இருக்கிறன் எண்டு சொல்லு" என்று ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். முதலாளி அவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தாலிக்கொடியோடு நின்றேன். கடைசியில் முதலாளி ஒரு வடையை எடுத்துக் கடித்து, இதற்குள் மிளகாய் போதாது என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வடை முடிந்தபிறகு முதலாளி கையைத் துடைத்துவிட்டு, "கேள் உன் மாமியாரை. எதற்காகக் கால்?" என்றார்.

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கல்லு அசையாதல்லோ. அதைப்போல நீயும் அசையாமல் உறுதியா நிக்கவேணும் எண்டு ஐயர் மந்திரம் சொல்லுறவர். அது மரியாதையில்லாத வேலையில்லை எண்டு சொல்லு."

சொன்னேன். முதலாளி பயற்றங்காயைத் தள்ளிவைத்தார். பிறகு, தன் ஊரில் கலியாணத்தன்று பெரியவர்கள் படுக்கையை விரித்து அதில் ஒரு கல்லைப் படுக்கவைப்பார்கள் என்றார். மனம் கல்லைப்போல் அசையாமல் இருப்பதற்கு. தன் படுக்கையில் வைத்தது இந்தக் குழவிதான் என்றார்.

"கல் இருக்கிறது" என்றார். "புருசன் ஒரு பாட்டுக்காரியோடு போய்விட்டான். கல்லை என் பக்கத்தில் வைத்துவிட்டார்கள் போல."

சிரிக்கவைக்கத்தான் சொன்னார். நான் மாமிக்கு அதைத் தமிழில் சொல்லிவிட்டு, சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். மாமியின் கணவர், என் மாமா, பல வருடமாக ஜேர்மனியில் இருந்தார். ஏன் வருவதில்லை என்று மாமியின் வீட்டில் யாரும் கேட்பதில்லை, சுவரில் படம் மட்டும் தொங்கியது. மாமி திறந்திருந்த கதவால் படியில் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களிலயும் பொம்பிளையின்ரை காலைத்தானே தூக்கி வைக்கினம்" என்றார். "மாப்பிளையின்ரை காலை ஆர் வைச்சவை?"

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கு முந்தாநாள்தான் கலியாணம். காருக்குள் ஒருவர் ரிக்கற்றுக்குப் பயந்தபடி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனாலும் அந்த இரண்டு பெண்களையும் பார்க்க எனக்குப் பயமாகவும் இருந்தது, இருவரையும் கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

மாமி எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் உரலைத் தூக்கப் பார்த்தார். தனியாக முடியவில்லை. முதலாளி மறுபக்கம் பிடித்தார். இருவரும் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். மாமி உப்பும் தேசிக்காய்ப் பாதியும் எடுத்துச் சந்தனத்தைத் தேய்த்துக் கழுவினார். முதலாளி பக்கத்தில் நின்று, இங்கே போகவில்லை, அங்கே போகவில்லை என்று தன் பாஷையில் காட்டிக்கொடுத்தார். மாமி தன் பாஷையில் "தெரியுது, தெரியுது" என்றார். அதற்கு என்னுடைய உதவி தேவைப்படவில்லை. பிறகு முதலாளி ஊதுபத்தி கொளுத்தினார். நான் உரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி மன்னிப்புக் கேட்டேன். கல் மன்னித்ததா தெரியாது, முதலாளி தலையை ஆட்டினார்.

"இன்னும் ஒன்று இருக்கிறது" என்றார். மாமியைக் காட்டினார், பின்கதவைக் காட்டினார். "அவள் கேட்க வேண்டியவள். இன்னும் கேட்கவில்லை."

நான் மாமிக்குச் சங்கதியை விளக்கினேன். "வெளியால நிண்டு கேக்கிறதோ? இந்தக் குளிருக்கையோ?" என்று முறைத்தார். ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். முதலாளி கதவைச் சாத்திவிட்டு, உரலுக்குள் உப்பையும் மிளகாயையும் போட்டார்.

நான் இடித்தேன். வாழ்க்கையில் அப்படி இடித்ததில்லை. மிளகாய் பசையாகும்வரை புல்லைத் தொடவில்லை. புல் மசியும்வரை அரத்தையைப் பார்க்கவில்லை. மூக்கு ஓடியது, விட்டுவிட்டேன். கண் எரிந்தது, அது மிளகாயாலும் இருக்கலாம். வேலைக்கு வந்த நாளில் நின்று நின்று ஓடிய கை இப்போது என்னைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தது. இந்தக் குசினியை விட்டு நான் எங்கேயும் போக விரும்பவில்லை என்பதைப் பேசிச் சொல்ல எனக்கு எந்தப் பாஷையிலும் தெரியவில்லை. இடிக்கத்தான் தெரிந்தது.

கடைசியில் யாரும் கூப்பிடாமலே கதவு திறந்தது. மாமி கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். உரலுக்குள் எட்டிப் பார்த்தார். சுட்டுவிரலால் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் முகம் மாறவில்லை.

"நல்லாத்தான் இடிக்கிறாய்" என்றார் என்னிடம். "ஆனா உதை என்ரை வீட்டில வைச்சு இடிச்சிடாதை, பிள்ளை. பேஸ்மென்றில இருக்கிறவை வீட்டை விட்டிட்டுப் போயிடுவினம்."

முதலாளி என் தோளைத் தட்டினார். "என்ன சொல்கிறாள்?"

பிளென்டர் இருந்த தட்டை ஒருமுறை பார்த்தேன். பிறகு என் பாதி ஆங்கிலத்தில் மிகத் தெளிவாகச் சொன்னேன். "நாளையிலிருந்து என்னை எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கிறார்."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். நாளை, மணி, அனுப்பு என்ற அளவு ஆங்கிலம் இந்த நாட்டில் யாருக்கும் வராமல் இருக்காது. கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பூட்டினார். முதலாளி பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

"பத்துக்கு ஏலாது எண்டு சொல்லு" என்றார் மாமி. "பதினொண்டு. காலமைச் சமையல் ஆர் செய்யிறது?"

சொன்னேன்.